சரளைப் பாதையில் மூன்று நாட்கள்

(ஆஸ்பத்திரி நண்பர்களின் வருடாந்திரக் கூடுகையில் நமது ஆஸ்பத்திரிக் குருவானவர் ஆற்றிய உரை)



கடந்த ஜூன் மாதம் பிரான்சு தேசத்தில் சைக்கிளில் சுற்றி வந்ததைக் குறித்துப் பேசும்படி நமது செயலாளர் கேட்டுக்கொண்டார். வருஷாவருஷம் இந்த மேடையில் வார்டுகளைப் பற்றியும் மருந்துச் செலவைப் பற்றியும் பேசிப் பழகிய எங்களுக்கு இது கொஞ்சம் கூச்சமாகவே இருக்கிறது.

முதலாவது ஒரு கணக்கை ஒப்புவித்து விடுகிறோம். இந்தப் பயணத்திற்கு ஆஸ்பத்திரிப் பணத்தில் ஒரு பைசாவும் செலவாகவில்லை. எங்கள் மகன் லியோன் நகரில் வேலையாயிருக்கிறான். பேரப்பிள்ளையைப் பார்க்க வாருங்கள் என்று டிக்கெட் அனுப்பினவன் அவனே. போன இடத்தில், "அப்பா, மூணு நாள் என்னோட சைக்கிள்ல வாங்க" என்று பிடிவாதம் பிடித்தவனும் அவனே. எங்கள் வீட்டம்மா பேரனோடு லியோனிலேயே தங்கிவிட்டார்கள். புத்திசாலித்தனம் அவர்கள் பக்கத்தில் என்பது முதல் நாள் மாலையிலேயே எங்களுக்குத் தெரிந்தது.

நாங்கள் ஊழியத்திற்கு வந்த புதிதில் கிராமங்களுக்கெல்லாம் ஹெர்குலிஸ் சைக்கிளில்தான் போவோம். ரோடு என்றால் கப்பி ரோடு. மழை பெய்தால் அதுவும் இல்லை. அந்தக் கப்பி ரோட்டில் போவதற்கென்றே இப்போது மேல்நாட்டில் ஒரு தனி சைக்கிள் செய்கிறார்கள் என்று சொன்னால் சிரிப்பீர்கள். அதற்குப் பெயர் கிராவல் பைக். பந்தய சைக்கிளைப் போலக் கீழே வளைந்த கைப்பிடி, ஆனால் டயர் மட்டும் 40, 45 மில்லிமீட்டர் அகலம். வெயிலிலும் மழையிலும் ஒரேபோலப் பிடிக்கும் டிஸ்க் பிரேக். மலையேறுவதற்கு மிகச் சிறிய கியர்கள். தார் ரோடு, சரளை, காட்டுப் பாதை மூன்றிலும் ஒரே வண்டி ஓடும்.

மகன் தன் சொந்த வண்டியில் வந்தான். எங்களுக்கு வலான்ஸ் நகரில் பேட்டரி உதவியுள்ள கிராவல் வண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்துக் கொடுத்தான். அறுபதைக் கடந்தவர்களுக்கு அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. பெடலை நாம் மிதித்தால்தான் அது உதவும். சும்மா உட்கார்ந்திருந்தால் உதவாது.

புறப்படுமுன் பழைய வழக்கப்படி டயரைக் கல் மாதிரி இறுகக் காற்றடித்து வைத்தோம். முதல் பத்து கிலோமீட்டர் தார்ப் பாதை, ஒன்றும் தெரியவில்லை. சரளை வந்ததும் மணிக்கட்டிலிருந்து பல் வரைக்கும் ஆடியது. "அப்பா, காத்தை இறக்குங்க, இது லாரி இல்லை" என்றான் மகன். அகலமான டயருக்கு 35 அல்லது 40 பவுண்டு காற்று போதுமாம். டயர் சற்று நசுங்கிக் கல்லைத் தழுவிக்கொண்டு போகவேண்டும். இறுகிப்போன டயர் ஒவ்வொரு கல்லிலும் துள்ளி, நம் பலத்தை வீணாக்கும். முப்பது வருஷம் கப்பி ரோட்டில் மிதித்தும் இது எங்களுக்குத் தெரியாமல் போயிற்று.

நாங்கள் போன பாதைக்கு டோல்ச்சே வியா என்று பெயர். இத்தாலிய மொழியில் இனிய வழி என்று பொருள். இடமோ தெற்கு பிரான்சில் ஆர்தேஷ் மாவட்டம். வலான்சிலிருந்து ரோன் நதிக்கரையோடு சுமார் 20 கிலோமீட்டர் தெற்கே போனால் லா வூல்ட் என்ற ஊர். ஜெனீவா ஏரியிலிருந்து மத்தியதரைக் கடல் வரை செல்லும் வியாரோனா என்னும் நீண்ட சைக்கிள் பாதையின் ஒரு துண்டுதான் அந்த 20 கிலோமீட்டர். லா வூல்ட்டில் அதை விட்டுவிட்டு, எரியூ என்ற சிற்றாற்றின் பள்ளத்தாக்கிற்குள் மேற்கே திரும்பவேண்டும். அங்கிருந்து எழுபது கிலோமீட்டருக்கு மேல் ஏற்றம்தான். கடல்மட்டத்திற்கு 90 மீட்டர் உயரத்தில் தொடங்கி, ஏறக்குறைய 1,050 மீட்டரில் சேன்ட் அக்ரேவ் என்ற மலையூரில் முடிகிறது.

எண்களைக் கேட்டுப் பயப்படவேண்டாம். இது பழைய ரயில் பாதை, அதுவும் நமக்குப் பழக்கமான மீட்டர் கேஜ். 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலுமாகப் போட்டது. 1968-ல் ரயிலை நிறுத்திவிட்டார்கள். பிற்பாடு தண்டவாளம் இருந்த இடத்தில் மணலும் பொடிச் சரளையும் பரப்பி, உருளை விட்டு இறுக்கி, சைக்கிளுக்கும் கால்நடைக்கும் விட்டிருக்கிறார்கள். நீராவி எஞ்சின் செங்குத்தாக ஏற முடியாது; ஆகையால் அதைப் போட்ட எஞ்சினியர்கள் மலையை வளைத்து வளைத்து, பள்ளத்தில் பாலமும் பாறையில் சுரங்கமும் வைத்துச் சரிவைக் குறைத்திருக்கிறார்கள். கீழ்ப்பகுதியில் 100 மீட்டருக்கு ஒரு மீட்டர்தான் ஏற்றம். லெ ஷெலார் என்ற ஊரைத் தாண்டிய கடைசிப் பகுதியில் அது இரண்டரை அளவுக்கு வரும். முழங்கால் வலிக்காமல் ஏறலாம்.

கீழே பள்ளத்தாக்கில் பீச் பழத் தோட்டங்கள். அதற்கு மேலே மலைச்சரிவு முழுவதும் செஸ்ட்நட் மரங்கள், கல்லடுக்கிய படிவரப்புகளில். ஒரு காலத்தில் அந்த ஏழை ஜனங்களுக்குக் கோதுமை அபூர்வம். செஸ்ட்நட் கொட்டையை உலர்த்தி மாவாக்கித்தான் குளிர்காலத்தை ஓட்டுவார்களாம். ஆகவே அதற்கு ரொட்டி மரம் என்றே பேர். ஆற்றோரம் பழைய பட்டுநூல் முறுக்கும் ஆலைகள், ஜன்னல் கண்ணாடி உடைந்து நிற்கின்றன. சில ரயில் நிலையங்கள் இப்போது காப்பிக் கடையாக, சைக்கிள் வாடகைக் கடையாக மாறியிருக்கின்றன. பழைய கட்டடங்களின் முகத்தைப் பார்த்து, இது ஸ்டேஷன் மாஸ்டர் அறை, இது டிக்கெட் கொடுத்த ஜன்னல் என்று நாங்களே கண்டுபிடித்துக்கொண்டு போனோம்.

முதல் இரவு லெசொலியேர் என்ற ஊரில் தங்கினோம். இரண்டாம் நாள் காலையில் ரயில் பாதையை விட்டுவிட்டுத் தெற்கே மலைமேல் பிரான்ல் என்ற கிராமத்திற்கு ஏறினோம். இங்கே சரிவைக் குறைக்க எந்த எஞ்சினியரும் வரவில்லை. பேட்டரியின் முழு உதவியோடும் இரண்டு இடத்தில் இறங்கித் தள்ளினோம். மகன் இறங்கவில்லை, அதைச் சொல்லாமல் விட்டால் கோபித்துக்கொள்வான்.

பிரான்லுக்குப் பக்கத்தில் புஷே என்ற சிற்றூரில் தடித்த கருங்கல் சுவரோடு ஒரு விவசாயி வீடு இருக்கிறது. மரீ துரான் என்ற அம்மையார் 1711-ல் பிறந்த வீடு அது. இப்போது அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். நம்மில் பலருக்கு அந்த அம்மாளின் பெயர் புதிதாயிருக்கும். 1598-ல் பிரெஞ்சு அரசன் சீர்திருத்தச் சபையாருக்கு, அதாவது ஹியூகனோட்டருக்கு, நாந்த் கட்டளையின் மூலம் ஆராதனைச் சுதந்திரம் கொடுத்தான். 1685-ல் பதினான்காம் லூயி அதை ரத்துசெய்தான். ஆலயங்கள் இடிக்கப்பட்டன, போதகர்கள் நாடு கடத்தப்பட்டார்கள். ஜனங்கள் இரவில் காட்டிலும் மலை இடுக்கிலும் கூடி ஆராதித்தார்கள். அகப்பட்ட ஆண்களைத் துடுப்புக் கப்பல்களில் சங்கிலியிட்டார்கள், பெண்களைச் சிறையிலிட்டார்கள். மரீயின் அண்ணன் பியேர் இப்படி ஒளிந்து ஊழியம் செய்த போதகர். தங்கையை 1730-ல் பிடித்து, கடலோரத்தில் ஏக்மோர்த் நகரின் கோன்ஸ்தான்ஸ் கோபுரத்தில் அடைத்தார்கள். வயது 19. அண்ணனை 1732-ல் மோன்பெலியேயில் தூக்கிலிட்டார்கள். மரீ விடுதலையானது 1768-ல். முப்பத்தெட்டு வருஷம்! விசுவாசத்தை மறுதலித்தால் வெளியே போகலாம் என்பது எப்போதும் திறந்திருந்த வழி. அவர் அந்த வழியாகப் போகவில்லை. கோபுரத்தின் நடுவிலுள்ள கல் வளையத்தில், எதிர்த்து நில் என்று பொருள்படும் ஒரே ஒரு சொல் கீறப்பட்டிருக்கிறது. கீறினவர் மரீ என்பது வழிவழி வரும் நம்பிக்கை.

நன்கொடையாளர்களாகிய உங்களுக்கு நாங்கள் விசேஷமாய்ச் சொல்ல நினைப்பது அந்தச் சொல்லை அல்ல, அவருடைய கடிதங்களை. எழுதப் படிக்கத் தெரிந்தவராகையால் கோபுரத்துப் பெண்களுக்கெல்லாம் அவரே எழுத்தர். வெளிநாட்டுச் சபைகளிலிருந்து வந்த உதவிக்கு நன்றி எழுதுவார். வராமற்போனபோது, ஏன் வரவில்லை, எங்களை மறந்துவிட்டீர்களா என்று கேட்டும் எழுதுவார். நோயாளிப் பெண்களின் நிலையையும் கைக்குழந்தைகளின் நிலையையும் எழுதுவார். நமது ஆஸ்பத்திரி அலுவலகத்திலிருந்து உங்களுக்கு வருகிற கடிதங்களை வாசித்துச் சலித்திருக்கிறவர்கள் அவற்றை ஒரு தரம் பார்க்கவேண்டும். இந்த வேலை எவ்வளவு பழையது என்று தெரியும். விடுதலையாகி இந்த வீட்டிற்குத் திரும்பினபோது நிலமெல்லாம் கடனில் இருந்தது. ஆம்ஸ்டர்டாமிலிருந்த வாலோன் சபையார் வருஷத்திற்கு 200 லிவ்ர் அனுப்பி, 1776-ல் அவர் மரிக்கும்வரை தாங்கினார்கள். அந்தச் சபையாரில் ஒருவராவது பிரான்ல் எங்கேயிருக்கிறது என்று பார்த்திருப்பாரோ, சந்தேகம்தான்.

அங்கிருந்து இறங்கி, மாலைக்குள் லெ ஷெலார் சேர்ந்தோம். மூன்றாம் நாள் காலையில் மழை. பொடிச் சரளை மழையில் மாவாகிச் சங்கிலியெல்லாம் அப்பிக்கொள்ளும்; பிரேக் அரைத்த சத்தம் போடும். பாதி வழியில் இடி வந்ததும் ஒரு சுரங்கத்திற்குள் ஒதுங்கினோம். ஒரு மணி நேரம் அங்கே நின்றோம். சுவரில் நீராவி எஞ்சின் காலத்துக் கரி இன்னும் படிந்திருந்தது. விரலால் தொட்டால் ஒட்டியது.

சேன்ட் அக்ரேவில் சரளைப் பாதை முடிகிறது. ஆனால் ரயில் அங்கே முடியவில்லை. அது மலைப் பீடபூமியின்மேல் இன்னும் வடமேற்கே போய் லெ ஷம்போன் என்ற ஊரைத் தொட்டு, தூனியேர் வரை போனது. அந்தப் பக்கத்துத் தண்டவாளம் இன்றும் இருக்கிறது. கோடையில் சுற்றுலா ரயில் ஓட்டுகிறார்கள். நாங்கள் சிறு சாலைகளிலும் பைன் காட்டு மண்பாதைகளிலுமாகச் சென்று மத்தியானம் லெ ஷம்போன் வந்தோம்.

1940-ல் பிரான்சு ஜெர்மனியிடம் தோற்றது. ஜூன் 22-ல் போர்நிறுத்த ஒப்பந்தம். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, இந்த ஊர்ச் சபைப் போதகர் ஆந்த்ரே திரோக்மேயும் உடன் ஊழியர் எதுவார் தேயிசும், மனச்சாட்சிக்கு விரோதமான கட்டளைக்கு ஆவியின் ஆயுதங்களைக் கொண்டு எதிர்த்து நிற்கவேண்டும் என்று சபைக்கு அறிவித்தார்கள். பிறகு நாலு வருஷம், ஹிட்லருக்குத் தப்பிய யூதர்களும் மற்ற அகதிகளும் இந்த மீட்டர் கேஜ் ரயிலில் வந்து இந்தச் சின்ன ஸ்டேஷனில் இறங்கினார்கள். பெரியவர்களைவிடப் பிள்ளைகள் அதிகம். மத்லேன் திரெய்ஃபூஸ் என்ற யூதப் பெண்மணி லியோனிலிருந்து பிள்ளைகளைத் தாமே கூட்டிவந்து, பண்ணை பண்ணையாகப் போய் இடம் கேட்டு விட்டுச் செல்வார். அவரைப் பிற்பாடு பிடித்து பெர்கன்-பெல்சன் முகாமுக்கு அனுப்பினார்கள், உயிரோடு திரும்பினார். 1942 ஆகஸ்டில் போலீஸ் பேருந்துகளோடு வந்து ஊரையே சல்லடை போட்டது. ஏறக்குறைய வெறுங்கையாய்த் திரும்பியது. ஜனங்கள் காட்டிற்கும் தூரத்துப் பண்ணைகளுக்கும் போய்விட்டார்கள். இப்போது எங்களைப்போன்ற சைக்கிள்காரர்கள் வேடிக்கையாய்ப் போகிற மண்பாதைகள் அந்தப் பண்ணைகளைச் சேர்க்கிற பாதைகள்தான்.

குவேக்கர் சபையார், சுவிட்சர்லாந்து உதவிச் சங்கம், சிமாத் என்ற பிரெஞ்சு கிறிஸ்தவ அமைப்பு ஆகியோரின் பணத்தில் பிள்ளைகளுக்கு விடுதிகள் நடந்தன. 1990-ல் இஸ்ரவேல் தேசத்தின் யாத் வஷேம் நிறுவனம் லெ ஷம்போனையும் சுற்று ஊர்களையும் சேர்த்தே கௌரவித்தது. காப்பாற்றப்பட்டவர்கள் எத்தனை பேர் என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. ஆகவே நாங்களும் எண் சொல்லவில்லை.

ஒரு டாக்டரைப் பற்றிச் சொல்லவேண்டும். ரோஜே லெ ஃபொரெஸ்தியே, லம்பரேனேயில் ஆல்பர்ட் ஷ்வைட்சருடைய ஆஸ்பத்திரியில் வேலை செய்துவிட்டு இந்த மலையூருக்கு வந்து வைத்தியம் பார்த்தவர். பண்ணைக்காரன், அகதி, காயம்பட்ட போராளி எல்லாரும் அவருக்கு நோயாளியே. 1944 ஆகஸ்டில், சிறைப்பட்டிருந்த இருவருக்காகப் பேசுவதற்கென்று லெ புய் நகருக்குப் போனார்; அவரையும் பிடித்தார்கள். ஆகஸ்டு 20-ல் லியோனுக்கு அருகே சேன் ஷெனி லவாலில் நூற்றுக்கும் மேற்பட்ட கைதிகளோடு அவரைக் கொன்றார்கள். பதினைந்து நாட்களுக்குள் லியோன் விடுதலையாயிற்று. போதகரின் உறவினர் தானியேல் திரோக்மே ஒரு மாணவர் விடுதியை நடத்தினவர். 1943 ஜூன் 29-ல் தம் மாணவர்களோடு கைதாகி, மைதானெக் முகாமில் மாண்டார். இந்த ஊரின் கதையில் தப்பினவர்களைப் பற்றியே பேசுகிறவர்கள் இவர்களை விட்டுவிடக் கூடாது.

ஆலயத்திற்கு எதிரே, காப்பாற்றப்பட்டவர்கள் 1979-ல் வைத்த நினைவுப் பலகை இருக்கிறது. அருகே 2013-ல் திறந்த நினைவகம். அங்கே மகன் ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டிருக்க, நாங்கள் போதகரின் மனைவி மக்தா அம்மாளைப் பற்றியே நினைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டோம். அவர்கள் வீட்டிற்கு முதன்முதல் வந்த அகதி ஒரு ஜெர்மன் யூதப் பெண். 1940-41 குளிர்காலம், பனியில் நனைந்து நடுங்கி வாசலில் நின்றாள். மக்தா உள்ளே கூப்பிட்டு, கணப்பருகே உட்காரவைத்து, ஆகாரம் கொடுத்தார். நனைந்த செருப்பைக் காயவைக்க அடுப்பிற்குள் வைத்தார். பிறகு, பாவம், நல்லெண்ணத்தோடு நேரே ஊர்த் தலைவரிடம் போய், இவளுக்குச் சீட்டுக் கொடுங்கள் என்றார். அந்த மனிதரோ, உள்ளூர் யூதர்களுக்கே ஆபத்து, நாளைக்குள் அனுப்பிவிடுங்கள் என்றார். வீட்டிற்கு வந்து பார்த்தால் செருப்பு கருகிக் கிடந்தது. தோல் கிடைக்காத காலத்தில் வேறு செருப்புத் தேடிக் கொடுத்து அனுப்பவேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு மக்தா அம்மாள் அதிகாரிகளிடம் போய்க் கேட்கவில்லை. ஆனால் அந்த முதல் பெண்ணை அவர் மறக்கவுமில்லை.

நாங்கள் ஏன் அங்கே உட்கார்ந்துவிட்டோம் என்றால், எங்களுக்கும் ஒரு முதல் ஆள் உண்டு. இந்த மேடையில் இதுவரை சொன்னதில்லை. பல வருஷங்களுக்கு முன், ஒரு மழை இரவு, காவலர் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். "ஐயா, வாசல்ல ஒரு கிழவர். கூட ஆள் இல்லை. முன்பணமும் இல்லை. என்ன செய்ய?" அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அப்படி ஒரு ஒழுங்கு இருந்தது, உடனிருக்க ஆளில்லாமல் சேர்க்கக் கூடாது என்று. நாங்கள் எழுந்து போய்ப் பார்க்கவில்லை. "காலையில் வரச் சொல்லுங்கள்" என்றோம். காலையில் அவர் இல்லை. எங்கே போனார் என்று விசாரித்தோம், ஒருவருக்கும் தெரியவில்லை. அவர் பெயரைக்கூடக் காவலர் கேட்டு வைக்கவில்லை. கேட்கும்படி நாங்களும் சொல்லவில்லை. மக்தா அம்மாள் சூடான ஆகாரமாவது கொடுத்தார்.

மகன் வந்து, "அப்பா, போலாமா? இறக்கம், இருட்டுக்கு முன்னாடி போயிடலாம்" என்றான். அப்போது அவனிடமும் சொல்லவில்லை. அன்றிரவு லெ ஷெலாரில் பிரேக்கைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதுதான் சொன்னோம். வெகுநேரம் பேசாமலிருந்து, "அம்மாவுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டான். தெரியும். அந்த இரவில் அவர்களும் விழித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

உங்களில் பலருடைய பிள்ளைகள் ஐரோப்பாவில் இருக்கிறார்கள். போகிறவர்களுக்கு இரண்டொரு வார்த்தை. மே, ஜூன், செப்டம்பர் நல்லது. ஜூலை, ஆகஸ்டில் பள்ளத்தாக்கு கொதிக்கும். குளிர்காலத்தில் மேலே பனி. அந்தப் பீடபூமியில் வீசும் வாடைக்கு பியூர்ல் என்று தனிப் பெயரே உண்டு. சுரங்கத்திற்கு விளக்கு வேண்டும். பாதையில் நடக்கிறவர்களுக்கே முதலிடம். மணியடித்து, மெதுவாகப் போகவேண்டும். இலையுதிர் காலத்தில் காட்டுப் பாதைகளில் வேட்டைக்காரர்கள் இருப்பார்கள், பளிச்சென்ற சட்டை போட்டுக்கொள்ளுங்கள். காற்றை 40-க்கு மேல் அடிக்காதீர்கள்.

முன்பணம், துணையாள் பற்றிய அந்தப் பழைய ஒழுங்கு இப்போது நமது ஆஸ்பத்திரியில் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் இரவில் தனியாக வருகிறவர்கள் விடியும்வரை படுக்க இடம் இல்லாமல் வராந்தாவில்தான் கிடக்கிறார்கள். வாசலருகே பழைய சைக்கிள் கொட்டகையைச் சுவர் எழுப்பி அறையாக்கி வருகிறோம். கூரை முடிந்துவிட்டது. இரண்டு கட்டிலும், மெத்தையும், கொசுவலையும், ஒரு மின்விசிறியும் இன்னும் வேண்டும். விவரம் பொருளாளரிடம் இருக்கிறது. கொட்டகையிலிருந்த எங்கள் ஹெர்குலிஸை அப்புறப்படுத்தச் சொல்லி நிர்வாக அதிகாரி இரண்டு தடவை சீட்டு அனுப்பிவிட்டார். இந்த வாரம் எடுத்துவிடுகிறோம்.

பின்புறத்தில் நர்ஸ் பிள்ளைகள் தேநீர் ஆயத்தம் பண்ணியிருக்கிறார்கள். ஜெபித்துவிட்டுப் போவோம்.